அறிஞனிடம் கேட்கத்தகாத இரு கேள்விகள்

(விவசாயிகளும் ஆசிரியர்களும் பிற உத்தியோகத்தரும் கூடிய வாசிகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விஞ்ஞானி ஒருவரின் வரலாற்றை உங்கள் முன் எடுத்துரைக்க நாம் வந்திருக்கின்றோம். நீதிமன்றப் படியேறித் திரியும் நமக்கும் நட்சத்திர ஆராய்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணலாம். தொடர்பு உண்டு. நாம் எடுத்துக்கொண்ட மனிதர் கேர்ஹாட் ஹேர்ஸ்பேர்க். ஜேர்மனியிற் பிறந்து, கனடாவில் வாழ்ந்து, 1971ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நொபெல் பரிசைப் பெற்றவர். அவருடைய வாழ்விலே அரசாங்கம் என்பது இருமுறை குறுக்கிட்டது. முதன்முறை, "உன் மனைவி எந்தக் குலத்தவள்?" என்று கேட்டது. இரண்டாம் முறை, வேறொரு நாட்டிலே, வேறொரு காலத்திலே, "உங்கள் ஆராய்ச்சியால் நாட்டுக்கு என்ன இலாபம்?" என்று கேட்டது. முதற் கேள்வி கொடியது. இரண்டாவது கேள்வி நியாயத்தின் உடையணிந்து வருவது. இரண்டையும் ஒரே தராசில் இடுதல் முறையாகாது. எனினும், ஓர் அறிஞனின் பெறுமதியை அளந்தறிய இரண்டுமே உதவா என்பது நமது வாதம். சாட்சியங்களை ஒவ்வொன்றாக முன்வைக்கின்றோம். தீர்ப்பை நீங்களே கூறுங்கள்.

வறுமை அடைத்த வாசல்

ஹேர்ஸ்பேர்க் 1904ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆந் திகதி ஹம்பேர்க் நகரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் பின்னர் பிழைப்பு நாடி அமெரிக்கா சென்றார். பாடசாலைப் பருவத்திலே நண்பனொருவனுடன் சேர்ந்து தம் கையாலேயே தொலைநோக்கி செய்து வானத்தைப் பார்த்த அப்பிள்ளைக்கு, வானியலாளனாக வேண்டும் என்பதே பேரவா. நகரத்து வானாய்வுக்கூடத்துக்கு எழுதி ஆலோசனை கேட்டார். சொந்தச் சொத்து இல்லாதவன் வானியலைத் தொழிலாகக் கொள்ள நினைப்பதிற் பயனில்லை என்ற மறுமொழியே கிடைத்தது.

ஆகவே அவர் டாம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, உபகாரச் சம்பளம் ஒன்றின் துணையோடு பௌதிகவியல் பயின்று, 1928இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். முன்வாசலால் வானத்துட் புக முடியாதவர், ஆய்வுகூடத்தின் பின்கதவால் அதே வானத்துட் புகுந்தார். அந்தப் பின்கதவுக்கு நிறமாலையியல் என்று பெயர்.

ஒளி கூறும் சாட்சியம்

மழை விட்ட நேரத்தில் வானவில்லைக் காணாதவர் நம்முள் எவருமில்லை. வெயிலை மழைத்துளி பிரித்துக் காட்டும் நிறவரிசையே அது. அவ்வரிசையைத்தான் நிறமாலை என்கின்றனர். நுண்ணிய கருவியாற் பார்க்குமிடத்து, சூரியனது நிறமாலையினூடே நூற்றுக்கணக்கான மெல்லிய கருங்கோடுகள் தெரியும். 1814ஆம் ஆண்டளவில் பிரவுன்கோபர் என்னும் ஜேர்மானியர் அவற்றை அளந்து குறித்துவைத்தார். 1859இல் கேர்க்கோப், புன்சன் ஆகிய இருவரும் அவற்றின் பொருளை வெளியிட்டனர். ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய கோடுகளை ஒளியிலே பதித்துச் செல்கின்றது என்பதே அப்பொருள். கைந்நாட்டுப் போன்றது அது. வேறெவரும் இட முடியாது. இட்டவர் மறுக்கவும் முடியாது.

அணுக்கள் இரண்டோ பலவோ கூடியது மூலக்கூறு. மூலக்கூறு சுழலும், அதன் அணுக்கள் நெருங்கியும் விலகியும் அதிரும். ஆனால் நினைத்த வேகத்திற் சுழல அதற்கு உரிமையில்லை. ஏணியில் ஏறுபவன் படியிலேதான் கால்வைக்கலாம். இரு படிகளுக்கிடையே நிற்க இயலாது. மூலக்கூறும் அவ்வாறே படிப்படியாகவே ஏறி இறங்கும். ஒவ்வோர் ஏற்றமும் இறக்கமும் நிறமாலையில் ஒரு கோடாகத் தோன்றும். கோடுகளின் இடைவெளியை அளந்தால், கண்ணாற் காணவொண்ணாத அம்மூலக்கூறில் அணுக்கள் எத்துணைத் தூரத்தில், எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று கணக்கிடலாம். எக்கோடு கடுமையாயும் எக்கோடு மங்கலாயும் உள்ளது என்று நோக்கினால், அம்மூலக்கூறு இருக்குமிடத்தின் வெப்பநிலையையும் மதிப்பிடலாம். இவ்வித்தையில் உலகம் மெச்சும் ஆசானாக விளங்கியவர் ஹேர்ஸ்பேர்க்.

இராமன் கண்ட ஒளியும் நைதரசன் வழக்கும்

பட்டம் பெற்றபின் அவர் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஜேம்ஸ் பிராங்க், மக்ஸ் போர்ண் ஆகிய பேரறிஞர்கள் அங்கு வீற்றிருந்த காலம் அது. அங்கே அவர் செய்த ஆராய்ச்சிக்கும் தமிழர் ஒருவருக்கும் தொடர்புண்டு. திருவானைக்காவிற் பிறந்த சந்திரசேகர வெங்கட இராமன், 1928 பெப்ரவரி 28ஆந் திகதி கல்கத்தாவிலே தம் பெயராலே வழங்கும் ஒளிவிளைவைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே இரசெற்றி என்னும் இத்தாலியர், அம்முறையைக் கையாண்டு, நைதரசன் வாயுவின் கோடுகளைப் படமெடுத்தார். அப்படத்தின் பொருளை ஆராய்ந்து வெளியிட்டவர்கள் ஹேர்ஸ்பேர்க்கும் வால்டர் ஹைற்லரும்.

அக்காலத்தில் அணுக்கருவினுள் புரோத்தன்களும் இலத்திரன்களுமே உள்ளன என்று நம்பப்பட்டது. அக்கணக்கின்படி நைதரசன் கருவிலே 14 புரோத்தன்களும் 7 இலத்திரன்களுமாக 21 துணிக்கைகள் இருத்தல் வேண்டும். இருபத்தொன்று ஒற்றையெண். கோடுகளோ, ஒன்றுவிட்டொன்று கடுமையும் மென்மையும் காட்டிய முறையால், அவ்வெண் இரட்டையாகத்தான் இருக்கவேண்டும் என்று சாட்சியளித்தன. இளைஞர் இருவரும் 1929இல் இம்முரண்பாட்டை ஒளிக்காமல் உலகத்துக்கு உரைத்தனர். 1932இல் சட்விக் என்னும் ஆங்கிலேயர் நியூத்திரனைக் கண்டபின்னரே வழக்குத் தீர்ந்தது. 7 புரோத்தன், 7 நியூத்திரன், மொத்தம் 14. கோடுகள் பொய் சொல்லவில்லை. நம்பிக்கைதான் பிழைத்திருந்தது.

அழகிய பெயருடைய கொடிய சட்டம்

இனி முதற் கேள்விக்கு வருவோம். 1929ஆம் ஆண்டின் இறுதியில் ஹேர்ஸ்பேர்க், லூயிசே ஓட்டிங்கர் அம்மையாரை மணந்தார். அம்மையாரும் பௌதிகவியல் கற்றவர். நிறமாலை ஆராய்ச்சியிற் கணவரோடு உழைத்தவர். யூத குலத்திற் பிறந்தவர்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிபீடம் ஏறினார். ஏப்ரல் 7ஆந் திகதி ஒரு சட்டம் பிறந்தது. அதன் பெயரைக் கவனியுங்கள்: அரசாங்க உத்தியோகச் சேவையை மீள நிலைநிறுத்தும் சட்டம்! பெயரைக் கேட்டால், இலஞ்சத்தையும் சோம்பலையும் ஒழிக்க வந்த நற்சட்டம் என்றே தோன்றும். அதன் மூன்றாம் பிரிவோ, ஆரியரல்லாத உத்தியோகத்தர் இளைப்பாற்றப்படல் வேண்டும் என்று விதித்தது. நான்கு நாட்களின் பின் வந்த பிரமாணம், பாட்டன் பாட்டியர் நால்வரில் ஒருவர் யூதராயிருந்தாலும் போதும் என்று வரைவிலக்கணம் கூறிற்று. ஜூன் 30ஆந் திகதி வந்த திருத்தம், ஆரியரல்லாதாரை மணந்தவரை உத்தியோகத்தில் நியமித்தலையும் தடுத்தது. சட்டம் கற்றவர்கள் இதை ஊன்றி நோக்கவேண்டும். இஃது ஒரு கும்பலின் கலகமன்று. இலக்கமிட்ட பிரிவுகளோடும், வரைவிலக்கணத்தோடும், விதிவிலக்குகளோடும் நீதியின் மொழியிலேயே எழுதப்பட்ட அநீதி. கல்லெறிபவனுக்கு இரவு வேண்டும். இத்தகைய சட்டம் பட்டப்பகலிலே முத்திரையோடு வரும்.

அச்சட்டத்தின் விளைவைப் பாருங்கள். பிராங்க் முதலாம் உலகப் போரிற் சேவைபுரிந்தவராதலால் விதிவிலக்குப் பெற்றிருந்தார். ஆயினும் தம்மவர் நீக்கப்படும்போது தாம் மட்டும் ஆசனத்தில் இருக்க மனமின்றி, அவ்வேப்ரல் மாதத்திலேயே பதவியைத் துறந்தார். மக்ஸ் போர்ண் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறினார். ஹைற்லர் இங்கிலாந்துக்குச் சென்றார். ஹேர்ஸ்பேர்க் யூதரல்லர். ஆயினும் மனைவியின் பிறப்பை முன்னிட்டு, டாம்ஸ்டாட்டிற் கற்பிக்கும் உரிமை அவரை விட்டு நீங்கிற்று. அவர் எழுதிய கட்டுரைகளிற் பிழை கண்டார் எவரேனும் உண்டா? இல்லை. கற்பித்தலிற் குறை கண்டார் உண்டா? இல்லை. வேண்டப்பட்டது அவருடைய அறிவன்று. அவர் வீட்டு வமிசாவளி.

கோதுமை நாட்டின் தீர்ப்பு

இவ்விடத்திலே விவசாயப் பெருமக்களின் கவனத்தைச் சிறப்பாக வேண்டுகின்றோம். கனடாவின் மேற்கிலே சஸ்கச்சுவான் என்னும் மாகாணம் உண்டு. கோதுமையே அதன் உயிர். 1930களிலே அம்மாகாணத்தை மூன்று துன்பங்கள் ஒருங்கே தாக்கின. கோதுமை விலை வீழ்ந்தது, மழை பொய்த்தது, காய்ந்த மேல்மண்ணைக் காற்று வாரிச் சென்றது. 1928க்கும் 1933க்குமிடையில் அங்கு தலைக்குரிய வருமானம் நூற்றுக்கு எழுபது வீதமளவு குறைந்தது என்றால், அத்துன்பத்தை வேறு சொற்களால் விவரிக்க வேண்டியதில்லை. பயிர் கருகுவதைக் கண்டவர்களுக்கு அது விளங்கும்.

அம்மாகாணத்தின் பல்கலைக்கழகம் சஸ்கற்றூன் நகரில் உள்ளது. அங்கு பணியாற்றிய ஸ்பிங்ஸ் என்னும் இளம் இரசாயனவியலாளர், 1933இல் விடுமுறை பெற்று டாம்ஸ்டாட்டுக்குச் சென்று ஹேர்ஸ்பேர்க்கிடம் பயின்றார். ஆசானுக்கு நேர்ந்ததைக் கண்ணாற் கண்டார். ஊர் திரும்பியபின் தம் பல்கலைக்கழகத் தலைவர் வோல்டர் மறேயிடம் நிலைமையை எடுத்துரைத்தார். பணமில்லாத பல்கலைக்கழகம் என்ன செய்யும்? மறே அவர்கள் அமெரிக்காவின் கார்னெகி நிதியத்தை நாடினார். நிதியம் உதவ முன்வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு விருந்துப் பேராசிரியராக அழைப்புப் போயிற்று. 1935இல் தம்பதியர் ஜேர்மனியை விட்டு வெளியேறியபோது, ஆளுக்கு இரண்டரை டொலருக்குச் சமமான பணத்தையே கொண்டுசெல்ல அவ்வரசு அனுமதித்தது. விருந்தாக அழைக்கப்பட்டவருக்குப் பின்னர் நிரந்தரப் பதவியும் அளிக்கப்பட்டது.

செல்வம் நிறைந்த பழம்பெரும் நாடு வெளியே தள்ளிய மனிதரை, கருகிய வயல்களுக்கு நடுவே நின்ற சிறு பல்கலைக்கழகம் உள்ளே அழைத்தது. விதைநெல்லைப் பஞ்சத்திலும் சமைத்துண்ணாத விவசாயியின் புத்தி அது.

அறுவடை

சஸ்கற்றூனிலே சிறந்த கருவிகள் இருக்கவில்லை. கருவி குறைந்த இடத்தில் அவர் எழுதுகோலை எடுத்தார். ஈரணு மூலக்கூறுகளின் நிறமாலை பற்றிய நூல் 1939இலும், பல்லணு மூலக்கூறுகள் பற்றிய நூல் 1945இலும் வெளிவந்தன. உலகெங்கும் நிறமாலை ஆய்வுகூடங்களிற் கைநூலாய் விளங்கியவை அவை.

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையானது; அங்கு மூலக்கூறு நிலைத்திராது என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. ஆயினும் அவ்வெளியைக் கடந்துவரும் நட்சத்திர ஒளியிலே இனந்தெரியாத சில கோடுகள் காணப்பட்டன. அவற்றுள் ஒருசாரவை யாருடைய கைந்நாட்டு என்பதை ஹேர்ஸ்பேர்க்கும் அவர் மாணவர் அலெக்ஸ் டக்ளசும் 1941இல் நிறுவினர். காபன் அணுவும் ஐதரசன் அணுவும் கூடி, ஓர் இலத்திரனை இழந்து மின்னேற்றம் பெற்ற மூலக்கூறே அது. அதனை ஆய்வுகூடத்திலே உண்டாக்கி, அதன் கோடுகளும் வானத்துக் கோடுகளும் ஒன்றென்று காட்டினர். விண்வெளியில் முதன்முதல் இனங்காணப்பட்ட மூன்று மூலக்கூறுகளுள் ஒன்று இவ்வாறு கோதுமை நாட்டிலே பெயர் பெற்றது. வானியலுக்குத் தகுதியான சொத்து உன்னிடம் இல்லை என்று ஒருகாலத்தில் மறுமொழி பெற்ற பிள்ளையின் சொத்து இதுவேயாயிற்று.

1945 முதல் 1948 வரை அவர் அமெரிக்காவின் யேர்க்ஸ் வானாய்வுக்கூடத்திற் பணியாற்றினார். இராமனின் சகோதரர் மகனான சுப்பிரமணியன் சந்திரசேகர் அக்காலத்தில் அங்கே பேராசிரியர். பின்னர் 1953இலும் 1955இலும் ஹீலியம் முதலிய அணுக்களின் சத்தி பற்றி இருவரும் கூட்டாகக் கட்டுரைகள் வெளியிட்டனர். நாட்டைவிட்டு வெளியேறிய ஜேர்மானியரும், கடல்கடந்து சென்ற தமிழரும் ஒரே கணக்கை எழுதிய தாள் அது. கணக்கு இருவரையும் குலம் கேட்கவில்லை.

1948இல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் அவரை ஒட்டாவாவுக்கு அழைத்தது. 1949 முதல் 1969 வரை அங்கு பௌதிகவியற் பகுதியின் தலைவராய் இருந்தார். பல நாட்டு இளைஞரும் அங்கு வந்து பயின்றனர். தன் கோடுகளை எளிதிற் காட்டாத ஐதரசன் மூலக்கூறு மிக மெல்லிய கோடுகளைத் தரும் என்று 1938இல் முன்னறிந்து கூறியவர், 1949இல் அவற்றைக் கண்டும் காட்டினார். 1952இல் யுரேனஸ், நெப்தியூன் ஆகிய கிரகங்களின் வளிமண்டலத்தில் ஐதரசன் மூலக்கூறு உண்டென்பதை நிறுவினார். கணத்திற் பிறந்து கணத்தில் மறையும் சுயாதீன மூலிகங்களைப் பிடித்து அளத்தல் அவருடைய பெருஞ்சாதனை. 1956இல் மெதையில், 1959இல் மெதிலீன் ஆகியவற்றின் நிறமாலைகளைக் கண்டார். பௌதிகவியலாளரான அவருக்கு இரசாயன நொபெல் பரிசு கிடைத்தது இதனால்தான். துயரம் யாதெனில், குலத்தின் பெயரால் அவரோடு நாடிழந்த லூயிசே அம்மையார் அப்பரிசுச் செய்தி வருமுன்னே, அதே ஆண்டில் மறைந்துவிட்டார்.

இரண்டாவது கேள்வி

இனி இரண்டாவது கேள்வி. 1960களின் பிற்பகுதி முதல் கனடாவின் செனற் சபைக் குழுவொன்று, லாமொன்தாஞ் என்பவரின் தலைமையிலே விஞ்ஞானக் கொள்கையை ஆராய்ந்தது. நாட்டின் பொருளாதாரத்துக்கும் சமூகத்துக்கும் நேரே பயன்தரும் இலக்குகளை முன்வைத்தே ஆராய்ச்சியை நடத்துதல் வேண்டும் என்ற கருத்து அதில் ஓங்கி நின்றது. ஹேர்ஸ்பேர்க் அதனை வெளிப்படையாக எதிர்த்தார். எதனை ஆராய்வது என்பதை ஆராய்பவனிடமே விடவேண்டும் என்று ஓயாது வாதித்தார்.

எதிர்த்தரப்பின் வாதத்தை நாம் மறைக்கப்போவதில்லை. வரி செலுத்துபவன் விவசாயி. ஆய்வுகூடத்துக்குக் கருவி வாங்கும் பணம் அவனுடைய வியர்வை. அப்பணத்துக்குக் கணக்குக் கேட்க அவனுக்கு முழு உரிமை உண்டு. நோய்க்கு மருந்தும், வயலுக்கு நீரும், பயிருக்குக் காப்பும் தேடும் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் முதலிடம் கொடுத்தால் அதைக் குற்றமென எவரும் சொல்லார். இவையெல்லாம் உண்மை. ஆனால், எந்த உண்மை பிற்காலத்திற் பயன்தரும் என்பதை முன்கூட்டி அறியவல்லார் யார்? இதற்கு ஹேர்ஸ்பேர்க்கின் வாழ்விலிருந்தே ஒரு சாட்சியத்தைக் கூப்பிடுகின்றோம்.

காபனும் நைதரசனும் கூடிய மூலக்கூறொன்று விண்வெளியில் உண்டென்பதைக் கண்ட மக்கெலர் என்னும் கனேடியர், 1941இல் அதன் கோடுகளை ஒப்பிட்டு, அங்குள்ள வெப்பநிலையைக் கணித்தார். குளிரின் அடியெல்லை, உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 273 சென்றிகிறேட் பாகை. மக்கெலர் பெற்ற விடை, அவ்வெல்லைக்கு மேலே 2.3 பாகை. ஹேர்ஸ்பேர்க் 1950இல் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பிலே அவ்வெண்ணைக் குறிப்பிட்டார். குறிப்பிட்டு, அதற்குப் பெரிய பொருள் எதுவும் இல்லை என்ற கருத்தோடு அடுத்த விடயத்துக்குச் சென்றார். பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1965இல் பென்சியாஸ், வில்சன் ஆகிய அமெரிக்கர் இருவர், வானத்தின் எத்திசையிலிருந்தும் ஏறக்குறைய 3 பாகை வெப்பநிலைக்குரிய வானொலி அலை வருவதை அறிவித்தனர். பிரபஞ்சம் தோன்றிய காலத்து வெப்பத்தின் எச்சம் அது. இன்றைய அளவு 2.725 பாகை. அந்தச் சிறு மூலக்கூறு ஆதிகாலத்தின் சூட்டையே தன் கோடுகளில் எழுதிவைத்திருந்தது. அதனை அறிந்தோர், 1941ஆம் ஆண்டின் எண்ணைத் தேடியெடுத்து வியந்தனர்.

அன்பர்களே, நிறமாலை வித்தையின் தலைசிறந்த ஆசானாலேயே தம் நூலிற் கிடந்த மாணிக்கத்தின் விலையை அறிய முடியவில்லை. அவருக்கே இயலாததைச் செனற் சபைக் குழுவொன்று மேசையிலிருந்து நிர்ணயிக்குமா? அவ்வெண்ணை அளக்குமுன் "இதனால் என்ன பயன்?" என்று ஒரு குமாஸ்தா கேட்டிருந்தால், மக்கெலர் என்ன மறுமொழி சொல்லியிருப்பார்?

ஆசானின் பெருமைக்கு இது குறைவன்று. 1942இல் வால்வெள்ளிகளிற் காணப்படும் ஒருகூட்டக் கோடுகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிய அவர், அவை மெதிலீனுக்கு உரியவை என்று கருதினார். 1951இல் அவை மூன்று காபன் அணுக்கள் கூடிய மூலக்கூறுக்கு உரியவை என்று திருத்தியவர் அவருடைய மாணவர் டக்ளஸ். திருத்திய மாணவனைத் தள்ளிவைக்காது தம் ஆய்வுகூடத்திலேயே வைத்துப் போற்றினார் அவர். உண்மை யார் வாயிலிருந்து வந்தாலும் உண்மையே என்னும் ஒழுக்கம் ஆய்வுகூடத்தின் அத்திவாரம். 1933ஆம் ஆண்டுச் சட்டம் இடித்ததும் அந்த அத்திவாரத்தையே.

தீர்ப்பு உங்களுடையது

ஹேர்ஸ்பேர்க் தொண்ணூறு வயதை எட்டும்வரை ஆய்வுகூடத்துக்குச் சென்றுவந்தார். 1999 மார்ச் 3ஆந் திகதி, 94ஆம் வயதில் ஒட்டாவாவிற் காலமானார். கனடா தன் விஞ்ஞானிகளுக்கு அளிக்கும் தலையாய தங்கப் பதக்கத்துக்கு அவர் பெயரையே சூட்டிற்று. அவரது ஆய்வுகூடத்துக்கு 1963இல் வந்து சேர்ந்த ஜப்பானியரான ஒக்கா, மூன்று ஐதரசன் அணுக்கள் கூடி மின்னேற்றம் பெற்ற மூலக்கூறின் கோடுகளை 1980இல் ஆய்வுகூடத்திற் கண்டார். 1989இல் அக்கோடுகள் வியாழக் கிரகத்திலும், 1996இல் விண்மீன்களுக்கிடையிலும் காணப்பட்டன. ஒருவர் நட்ட பனையிலே அடுத்த தலைமுறை நுங்கு வெட்டும் என்பது நம்மவருக்குப் புதிய செய்தியன்று.

ஆகவே நமது வாதத்தைத் தொகுத்துரைக்கின்றோம். அறிஞனிடம் "நீ யார் வீட்டுப் பிள்ளை? உன் மனைவி யார் மகள்?" என்று சட்டம் கேட்குமாயின், அச்சட்டத்தின் பெயர் எத்துணை அழகாயிருந்தாலும் அதனை முதல் நாளிலேயே எதிர்த்தல் வேண்டும். பிராங்க் அதனைச் செய்தார். ஆனால் அவரைப்போல் எழுந்தவர் மிகச் சிலர், எஞ்சியோர் மௌனமாயிருந்தனர். அம்மௌனமே அந்நாட்டின் கலாசாலைகளை வெறுமையாக்கிற்று. அறிஞனிடம் "உன் உண்மையால் நாளைக்கு என்ன இலாபம்?" என்று கேட்கும்போது, கேட்பவருக்கு மரியாதையோடு மறுமொழி கூறல் வேண்டும், ஆனால் அக்கேள்வி ஒன்றினாலேயே கதவை அடைக்கவிடுதல் ஆகாது. கேட்கத்தக்கது ஒரே கேள்விதான்: நீ சொல்வது உண்மையா? அதற்கு உன் சாட்சியம் யாது?

மழை பொய்த்த நாட்டிலே, கடன்பட்ட விவசாயிகளின் மாகாணத்திலே ஒரு பல்கலைக்கழகம் அந்த ஒரு கேள்வியை மட்டுமே கேட்டது. அதற்கு வான்வெளி முழுவதும் மறுமொழியாக வந்தது. உங்கள் பிள்ளைகளுள் ஒருவன் நாளைக்கு விளக்கடியில் அமர்ந்து, பயன் என்னவென்று உங்களுக்கு விளங்காத நூலொன்றைப் படித்துக்கொண்டிருக்கக் கூடும். எண்ணெய்க் கணக்கைப் பார்த்து விளக்கை அணைத்துவிடாதீர்கள்.